மூச்சுக் கொப்பு

வட்டகொடை ஸ்டேசனில் நான் இறங்கியது மத்தியான நேரம். ஆனாலும் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பனி அப்படி இறங்கியிருந்தது. டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தால், பெட்டி எங்கே என்று தடவித்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டேசன் சுவரில் பழைய படம் ஒன்று ஒட்டியிருந்தது. எதிரியின் முகத்தை அடையாளம் காட்டும் படம். மூன்றாவது யுத்தத்தில் ஒட்டியது. அந்த எதிரி நாலாவது யுத்தத்தில் நமக்குக் கூட்டாளியாகிவிட்டான். படத்தைக் கிழிக்கத்தான் யாருக்கும் கை ஒழியவில்லை.

அது 1963. யுத்தம் இல்லாத வருஷம். அடுத்தது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலம் வருமா என்று யாராவது கேட்கிறார்களா?

என் பெயர் மனோரஞ்சிதம். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். நான் படித்தது மருத்துவிச்சி வேலை. தோட்டங்களில் எங்களை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். கூனிமலைத் தோட்டத்தின் மேல்பிரிவுக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே பல வருஷமாகப் பிள்ளையே பிறக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பிள்ளை பிறக்காத இடத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஒன்று பிறக்கப்போகிறது, போ என்றார்கள்.

யுத்தங்களைப் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. எனக்கே அலுத்துவிட்டது. இரண்டாவது முடிந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், மிட்டாய் கொடுத்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் தருவதாக இருந்த வருஷத்தில் மூன்றாவது வந்தது. சுதந்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் நாலாவது. பெரிய நாடுகள் கூட்டாளியை மாற்றி மாற்றிச் சண்டை போட்டன. அவர்களுக்குப் பதுங்குகுழி வெட்டவும் குண்டுப்பெட்டி சுமக்கவும் ஆள் வேண்டும். மலையில் சுமந்து பழகியவர்கள் தோட்டத்து ஆட்கள்தானே என்று லொறி அனுப்பினார்கள். போய்வந்தால் பிரஜாவுரிமை என்றார்கள். போனார்கள். அதை வாங்கிக்கொள்ளத் திரும்பி வந்தவர் யாருமில்லை.

கடைவீதியையும் விட்டுவைக்கவில்லை. என் அண்ணன்மார் இருவரும் போனார்கள். மூத்தவருக்கு அழுதேன். இளையவருக்கு அழுகை வரவில்லை. வராதது முதலில் பயமாக இருந்தது. பிறகு அந்தப் பயமும் போய்விட்டது.

ஸ்டேசனுக்குக் கண்டாக்கையா கணேசமூர்த்தி வந்திருந்தார். தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர். ஒரு கால் இழுத்து நடப்பார். அந்தக் கால்தான் அவரை லொறியில் ஏறவிடாமல் காப்பாற்றியது. அதற்காக அவர் அந்தக் காலைக் கொஞ்சம் மரியாதையாகவே தூக்கி வைப்பதுபோல எனக்குத் தோன்றியது.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதை பத்தாம் நம்பர் மலையை ஒட்டிப் போனது. தேயிலையைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். சில வருஷத்துக்கு ஒரு தரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதுதான் கவ்வாத்து. அது ஆண்கள் வேலை. ஆண்கள் போனபின் அந்த மலை காடாகிக் கிடக்கிறது என்று சொன்னவர், பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

மலையின் கீழ்ப்பாதி வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு செடியும் மொட்டைக் குச்சிகளாக நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பு மட்டும் இலையோடு விடப்பட்டிருந்தது. வெட்டிய கொப்புகளின் பச்சை வாசனை பனியில் அடர்ந்து கிடந்தது. எங்கோ மேலே, பனிக்குள், கத்தி விழும் சத்தம்.

சரக்.

சரக்.

சீராக, அவசரமில்லாமல்.

“யாரு வெட்டுறாங்க?” என்றேன்.

“வேலை நடக்குது மிஸ்ஸி. பேர் போடச் சொல்லி யாரும் வந்து நிக்கல. தொரைக்கும் சந்தோசம்” என்றார். பேர் போடுவது என்றால் ஒரு நாள் கூலி எழுதுவது. இழுத்து நடக்கிறவர் அந்த இடத்தைத் தாண்டும்வரை வேகமாகவே நடந்தார்.

---

பிள்ளை பிறக்கப்போகும் வீடு லயத்தின் கடைசிக் காம்பிரா, ஒற்றை அறை வீடு. பேச்சியம்மா, அவள் மகன் அழகன், மருமகள் பூரணி. பேச்சியம்மாவின் புருஷன் மூக்கனும் மூத்த மகன் செல்லசாமியும் யுத்தத்தில் போய்விட்டார்கள். பேச்சியம்மா நெட்டையான, பேச்சுக் குறைந்த பெண்பிள்ளை. நான் நுழைந்ததும் பால் இல்லாத சாயத்தண்ணியும் கடித்துக்கொள்ளச் சீனியும் தந்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஏதோ கேட்க இருக்கிறாள் என்று அப்போதே தெரிந்தது.

அழகன் அதற்கு நேர்மாறு. லயம் முழுவதிலும் எஞ்சியிருந்த ஒரே வாலிபன் அவன். விறகு பொறுக்குவான், பெண்கள் பறித்த கொழுந்து மூட்டையைத் தூக்கிக் கொடுப்பான், விசில் அடித்துக்கொண்டே திரிவான். குளிருது, தொப்பி போடு என்று லயத்தில் உள்ள அத்தனை பெண்களும் அவனை விரட்டுவார்கள்.

“லயம் பூரா மாமியாரு, நான் ஒருத்தன்தான் மருமகன் மிஸ்ஸி. கத்தியத் தொட்டா ஏச்சு, மரத்துல ஏறினா ஏச்சு. எனக்கு ஒரு வேலையும் தெரியாமப் போச்சு” என்று சிரித்தான்.

அவனைக் கவ்வாத்துக் கத்தியைத் தொடப் பேச்சியம்மா விட்டதே இல்லை. அவன் ஏன் எஞ்சினான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் ஓட வேண்டும் என்பதற்காக அரசாங்கம் ஒரு விதி வைத்திருந்தது. ஒரு காம்பிராவில் ஒரு ஆணை மட்டும் விட்டுவைப்பார்கள். சட்டத்தில் அதற்கு என்ன பெயரோ, லயத்தில் அவனை மூச்சுக் கொப்பு என்றார்கள்.

கவ்வாத்து வெட்டும்போது செடியை முழு மொட்டையாக்கினால் செத்துப்போகும். அதற்காக ஒரு கொப்பை வெட்டாமல் விடுவார்கள். செடி அதை வைத்து மூச்சு விட்டுக்கொள்ளும். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். கீழே புதுத் தளிர் வந்துவிட்டால், அந்தக் கொப்பையும் வெட்டிவிடுவார்கள். இனி அது தேவையில்லை.

விதியும் அப்படியே. ஆண் என்றுதான் எழுதியிருந்தது, வயது எழுதவில்லை. மற்றக் காம்பிராக்களில் அப்படி எஞ்சியது கிழவரோ சிறுவரோதான். நாலாவது யுத்தத்தில் கந்தப்பளைப் பக்கம் ஒரு காம்பிராவில், தொட்டிலில் கிடந்த ஆண் குழந்தையை எண்ணிக்கொண்டு அப்பனை லொறியில் ஏற்றிப்போனார்கள். அதன்பிறகு இந்தப் பக்கத்தில், இருக்கும் கொஞ்சநஞ்ச ஆண்களும் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் படுக்கப் பயந்தார்கள். எனக்கு வேலை இல்லாமல் போனதும் அதனால்தான்.

பூரணி வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் அழகன் போக வேண்டும். பெண்ணாக இருந்தால் இருப்பான்.

---

எனக்குத் தந்த வீடு லயத்துக்கு அடுத்து, பழைய மருந்து கொடுக்கும் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் பத்தாம் நம்பர் மலை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, பெண்கள் போய்க்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் தொடங்கிவிடும். பெண்கள் தலையைத் திருப்ப மாட்டார்கள். பேச்சை மட்டும் நிறுத்திவிடுவார்கள். கூடையின் கயிறு நெற்றியில் உரசும் சத்தம்கூடக் கேட்கும்.

பட்டப்பகலில், வெள்ளைப் பனிக்குள், ஆள் தெரியாமல் கத்தி மட்டும் விழும்.

சாயங்காலம் பார்த்தால் இன்னும் பத்து நிரை வெட்டியிருக்கும்.

ஒருநாள் பனி விலகிய கொஞ்ச நேரத்தில் நான் மலைக்குள் இறங்கிப் பார்த்தேன். பயம் இருந்ததா என்றால், இருந்திருக்கும். எனக்கு எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோலத்தான் அந்த நாட்களில் இருந்தது. வெட்டெல்லாம் ஒரே வீச்சில் விழுந்தவை. சாய்வாக, வழவழப்பாக. தரையில் செருப்புத் தடமோ வெறுங்கால் தடமோ இல்லை. நேற்றைய மழையில் குழைந்த மண் அப்படியே கிடந்தது.

ஒரு நிரையில் மட்டும் வெட்டின் சாய்வு மற்ற நிரைகளுக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் பாதையில் பேச்சியம்மா நின்றாள்.

“அது அவங்க நெரை. எடக்கைக்காரங்க” என்றாள்.

புருஷன் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லமாட்டாள். அந்தப் பழக்கத்தில்தான் எல்லாம் தொடங்கியது என்று அன்றைக்கு என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள்.

செத்தவர்களைப் பற்றிய தந்திகள் போன வருஷம்தான் வந்து முடிந்தன. உடம்பு ஒன்றும் வரவில்லை. காரியம் செய்யத் தெரிந்த பண்டாரத்தையும் லொறியில் ஏற்றிவிட்டார்கள். உடம்பில்லாமல் செத்த ஆவிக்கு வழி தெரியாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வரும் என்று யாரோ சொல்ல, பெண்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். வாய் வரவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூடப் புருஷன் பெயரைச் சொல்லாத வாய்கள். ‘ஏங்க, ஏங்க’ என்று கூப்பிட்டால் எந்த ஆவிக்குத் தெரியும், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று?

அதனால் ஒருத்தி புருஷனை இன்னொருத்தி கூப்பிடுவது என்று முடிவு செய்தார்கள். எப்படிக் கூப்பிடுவது என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த ஆம்பளைகள் சாகும்வரை ஒரே ஒரு கூப்பாட்டுக்குத்தான் தவறாமல் வந்தவர்கள், அது பெரட்டு. ஆகவே விடிகாலையில் பெரட்டுக் களத்தில் தப்பு என்கிற பறையை அடித்தார்கள். சாவுக்கு அடிக்கும் அடி வேறு, வேலைக்கு எழுப்பும் அடி வேறு. பெண்களுக்குத் தெரிந்தது இரண்டாவதுதான். கங்காணி கூப்பிடுகிற மாதிரியே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலை மலையில் கத்திச் சத்தம் கேட்டது.

“வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்கணும் மிஸ்ஸி” என்றாள் பேச்சியம்மா. “நாங்க பெரட்டுக்குக் கூப்பிட்டுட்டோம். வேலைக்கு வந்துட்டாங்க.”

அடுப்பில் ஈரவிறகு புகைந்துகொண்டிருந்தது.

“அவங்களால கெடுதல் ஒண்ணுமில்ல. வேலையச் செய்யுறாங்க, அவ்வளவுதான். நான் கேக்க வந்தது வேற” என்றாள். பிறகு கேட்டாள். “ஆம்பளப் புள்ளையாப் பொறந்தா, பொம்பளப் புள்ளன்னு சொல்லுவீங்களா? ஒங்க வாயால சொன்னா கவருமெண்டு நம்பும்.”

மாட்டிக்கொண்டால் என் வேலை போகும். அதற்குமேலும் போகலாம். யோசித்துப் பார்த்ததில் எனக்குப் போவதற்கு அப்படி ஒன்றும் மிச்சமில்லை. சரி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

---

பூரணிக்கு நாள் நெருங்கியபோது மலை முழுவதும் வெட்டி முடிந்திருந்தது. ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. காலையில் அது கேட்கும், வெட்டுவதற்கு எதுவும் இல்லாத மலையில். கத்தி தீட்டும் சத்தம்.

முதலில் வெட்டிய நிரைகளில் தளிர் விட ஆரம்பித்திருந்தது. மொட்டைக் குச்சிகளில் சின்னச் சின்னப் பச்சைப் பொட்டுகள். ஜன்னல் வழியே பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு எனக்கு உள்ளே இறங்கவில்லை. எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது, எதை என்று தெரியவில்லை.

வலி கண்டது ஒரு முற்பகலில். பனி காம்பிராவுக்குள்ளேயே வந்து நின்றது. கணேசமூர்த்தி ஐயா வெளியே தண்ணீர் ஓடும் கானுக்கு அப்பால் குடையோடு காத்திருந்தார். புதுப் பிறப்பை அன்றைக்கே ஆபிசில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. சமாதான காலத்தில் அரசாங்கம் பிள்ளைகள்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. அழகன் வாசலில் குந்தியிருந்தான். விசில் அடிக்கவில்லை.

பூரணி கெட்டிக்காரி. சத்தம் போடாமல் பெற்றாள். பிள்ளை என் கையில் வழுக்கி விழுந்தது. பேச்சியம்மா குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஆண்.

பேச்சியம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் கதவுப் பக்கம் திரும்பி, வெளியே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

“பொம்பளப் புள்ள.”

வெளியே அழகன் ஒரு சத்தம் போட்டான். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. லயம் முழுக்கக் கதவுகள் திறந்தன. பெண்கள் ஓடி வந்து அவன் தலையில் தட்டினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். கணேசமூர்த்தி ஐயா குடையை மடக்கிக்கொண்டு ஆபிசுக்குப் போனார். நெஞ்சில் ஏதோ சூடாக ஊறியது எனக்கு. வெகு காலத்துக்குப் பிறகு சந்தோஷப்பட்டேன். தொப்புள்கொடியைக் கட்டிக்கொண்டே சிரித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன்.

கத்தி தீட்டும் சத்தம் நின்றிருந்தது.

வெளியே பெண்களின் பேச்சும் ஒவ்வொன்றாக நின்றது.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. நாள் முழுக்க வேலை செய்த ஒருவர் அடுத்த ஆளைக் கூப்பிடும் குரல்.

“அழகா. நெரையைப் பிடி.”

பேச்சியம்மாவின் கையிலிருந்த சுடுதண்ணீர்ச் சட்டி சாய்ந்தது. தண்ணீர் அவள் காலில் ஊற்றியது. அவள் நகரவில்லை.

“தளிரு வந்துருச்சு மிஸ்ஸி” என்றாள், மெதுவாக. “ஆபிசுக்குப் பொய் சொல்லிட்டோம். அவங்களுக்கு யாரு சொல்றது? தளிரு வந்தா கொப்ப வெட்டணும். அவங்களுக்குத் தெரிஞ்சது அதுதான்.”

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன்.

வாசலில் அழகன் இல்லை. பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஒருத்தி கையைப் பாதைப் பக்கம் நீட்டினாள். அவனைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை என்று பிறகு சொன்னார்கள். முரண்டு பிடித்துப் போகவில்லையாம். கூப்பிட்டவுடன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனானாம், தினமும் போகிறவன் மாதிரி. இத்தனை நாள் யாரும் அவனை ஆம்பளை வேலைக்குக் கூப்பிட்டதில்லை.

நான் மலைக்குள் இறங்கினேன். கால் வழுக்கியது. வெட்டுக் குச்சிகள் சேலையைக் கிழித்தன. பனி முகத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. சரக், சரக் என்று சத்தம் இப்போது எல்லாப் பக்கமும் இருந்தது.

பனி ஓர் இடத்தில் மெலிந்தது.

அவர்கள் நின்றார்கள்.

நிரைக்கு ஒருவராக, குனிந்து. தலையில் கம்பளி, இடுப்பில் சாக்கு. முகம் எதுவும் தெரியவில்லை. முதுகுகள் மட்டும். கைகள் போய்வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு செடியிலும் விட்டுவைத்திருந்த அந்த ஒற்றைக் கொப்பை வெட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்டிய கொப்பு இலையோடு தரையில் விழும், அடுத்த செடிக்கு நகர்வார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் வெறுப்பு இருந்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். வேலை மட்டுமே இருந்தது.

நல்ல குளிர். என் மூச்சு என் முகத்துக்கு முன்னால் புகைந்தது. அவர்கள் அத்தனை பேரும் குனிந்து நிமிர்ந்தார்கள். ஒருவர் முகத்தின் முன்னாலும் புகை இல்லை.

இடக்கைக்காரரின் நிரைக்கு அடுத்த நிரையில் ஒருவன் நின்றான். தலையில் கம்பளி இல்லை. கத்தியைத் தப்பாகப் பிடித்திருந்தான். அவன் வாயிலிருந்து புகை வந்தது.

“அழகன்” என்றேன். “பொம்பளப் புள்ளன்னு சொல்லிட்டேன். ஒன்ன யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. வா.”

அவன் திரும்பினான். என்னை அடையாளம் தெரிந்தது அவனுக்கு. அது நிச்சயம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

பக்கத்து நிரையில் கத்தி ஒருமுறை விழுந்தது.

புகை நின்றுவிட்டது.

அவன் திரும்பிக் குனிந்து, அடுத்த செடியைப் பிடித்தான். பனி மூடியது.

---

அழகன் பட்டாளத்துக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. மலையைத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. பேச்சியம்மா அழவில்லை. வெந்த காலில் நான் மருந்து போடும்போதுகூட முகம் சுளிக்கவில்லை. பூரணி மட்டும் ஒரு வாரம் அழுதாள், பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். நிறுத்தியதைப் பார்க்க எனக்கு அழுததைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மாதமே ஐந்தாவது யுத்தம் தொடங்கியது. யார் யாரோடு என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. லொறி வந்தது. கடைசிக் காம்பிராவின் வாசலில் நின்று, உள்ளே ஆண் இல்லை என்று பார்த்துவிட்டுப் போனது. என் பொய் பலித்தது. சொன்ன பொய்யை இனி மாற்ற வழியில்லாமல், பிள்ளைக்கு மீனம்மா என்று பெயர் வைத்து, கவுன் தைத்துப் போட்டு, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து வளர்த்தார்கள்.

பத்தாம் நம்பர் மலையில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அது முடிந்து பதினோராம் நம்பருக்குப் போனார்கள். இடக்கைக்காரரின் நிரைக்கு அடுத்த நிரையில், வெட்டுகள் சிதைந்திருந்தன. குச்சி பிளந்து, நார் தொங்கி, வேலை தெரியாத கையின் வெட்டு. கணேசமூர்த்தி ஐயா அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

நாளாக நாளாக அந்த வெட்டு திருந்தி வந்தது.

எனக்கு மாற்றல் வந்தது. நான் போகவில்லை. அந்தப் பிள்ளையின் உண்மை தெரிந்த வெளியாள் நான் ஒருத்திதான். வேறொரு மிஸ்ஸி வந்து அதைக் குளிப்பாட்டக் கூடாது. அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது எனக்குள் ஏதோ அசைந்தது என்பதும் காரணம்.

பிள்ளை நடக்கத் தொடங்கியது 65இல். லயத்தின் கோடியில், கானை ஒட்டி, யாரும் நடாத ஒரு தேயிலைச் செடி தானாக முளைத்து ஆள் உயரத்துக்கு நின்றது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை எழுந்து நிற்கும். ஒருநாள் காலை கதவைத் திறந்த பேச்சியம்மா அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் செடி கவ்வாத்து வெட்டப்பட்டிருந்தது. வழவழப்பான, சாய்வான வெட்டுகள். நடுவில் ஒரு கொப்பு மட்டும் இலையோடு இருந்தது. அந்தக் காம்பிராவில் மிஞ்சிய ஒரே ஆண் இப்போது அந்தப் பிள்ளைதான்.

அன்றிலிருந்து அவள் தினமும் விடிந்ததும் அந்தச் செடியின் முன்னால் குந்தி, குச்சிகளில் துளிர்க்கும் மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிவாள். ஊசிமுனை அளவு பச்சைகூட விடமாட்டாள். தளிர் வராதவரை கொப்பை வெட்டமாட்டார்கள். அவளுக்கும் தெரிந்தது அதுதான்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டு, நீங்க கிள்ளிடுங்க மிஸ்ஸி என்றாள்.

போனேன். பனி லயத்து வாசல்வரை வந்திருந்தது. பிள்ளை என் பின்னாலேயே தத்தித் தத்தி வந்து, வழக்கம்போல அந்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் குந்தி ஒவ்வொரு குச்சியாகத் தடவினேன். இரண்டு மொட்டுகள் கிடைத்தன. கிள்ளிவிட்டேன். கீழே, மண்ணை ஒட்டி, ஒரு குச்சியின் பின்பக்கம் ஒரு தளிர் இருந்தது. விரல் நீளம். பேச்சியம்மாவின் கண்ணுக்குத் தப்பிய தளிர். அதையும் பிடுங்கி எறிந்தேன்.

நிமிரும்போது பிள்ளையின் கைக்குக் கீழே கொப்பின் அடி தெரிந்தது.

அதில் கீறல்கள் இருந்தன. நாலைந்து. வெட்டுவதற்கு முன் கத்தியை வைத்துப் பார்த்த கீறல்கள். இடக்கைச் சாய்வு இல்லை. வலக்கைச் சாய்வு. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றும் ஆழமாக இறங்காமல். கத்தியை வைத்த அப்பனுக்குக் கை வரவில்லை.

கடைசிக் கீறல் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம் காயவில்லை.